சேணம் பூட்டும் முன் போய்ச் சேருங்கள்

வாசகர் கேள்வி – பதில்: காட்டுப்பாதைச் சவாரிக்குக் குதிரை தேடுவோருக்கு

காட்டுப்பாதையிலும் மலைத்தடத்திலும் ஏறிப்போகக் குதிரை வாங்குவது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: முதல் முறையாகக் குதிரை வாங்கப் போகிறேன். வாரத்தில் ஒரு நாள், மூன்று நான்கு மணி நேரம் காட்டுப்பாதையில் போவதுதான் திட்டம். அரேபியனா, குவார்ட்டர் ஹார்ஸா, மோர்கனா? எந்த இனத்தைத் தேடலாம்?

பதில்: இனத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் ஒரு தாளை எடுத்து உங்கள் பாதையை எழுதுங்கள். தரை கல்லா, மணலா, சேறா? ஏற்ற இறக்கம் எவ்வளவு? ஓடை குறுக்கிடுமா, மரப்பாலம் உண்டா? சைக்கிள், நாய், மோட்டார் வண்டி எதிர்ப்படுமா? தனியே போவீர்களா, கூட்டத்தோடா? உங்களைத் தவிர வேறு யார் ஏறுவார்கள்? பார்க்கப் போகும் ஒவ்வொரு குதிரையையும் அந்தத் தாளோடு ஒப்பிடுங்கள். தாளில் இல்லாத திறமைக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இனத்துக்கு ஒரு பொதுக்குணம் உண்டு என்பது உண்மைதான். நெடுந்தூரப் போட்டிகளில் அரேபியன் முன்னே நிற்பதற்கு அதன் மெலிந்த உடம்பும் சீக்கிரம் சூடு தணியும் தன்மையும் காரணம். கூடவே எதையும் சட்டென்று கவனிக்கும் குணமும் வரும். குவார்ட்டர் ஹார்ஸ் பெரும்பாலும் நிதானமானது. குறுந்தூர வேகத்துக்கு வளர்த்த இனம் என்பதால் தசை கனமாக இருக்கும், வெயிலில் ஆறக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஆனால் ஒரே இனத்தில் இரண்டு குதிரைகளுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம், இரண்டு இனங்களுக்கு நடுவே இருப்பதைவிடப் பெரியது. சாதாரண நடை மணிக்கு 6 கிலோமீட்டர் அளவு. நான்கு மணி நேரத்தில் சுமார் 24 கிலோமீட்டர். உடம்பு தேறியிருக்கும் எந்த நல்ல குதிரையும் இதைச் செய்துவிடும்.

உங்கள் திட்டத்தில் கவலைப்பட வேண்டியது வேறு. வாரத்தில் ஆறு நாள் சும்மா நின்று ஏழாம் நாள் நான்கு மணி நேரம் நடக்கும் குதிரைக்குத் தசையும் தசைநாரும் தயாராக இருக்காது, மனமும் துள்ளிக்கொண்டிருக்கும். நடுவில் இரண்டு நாளாவது முக்கால் மணி நேரம் ஏறுங்கள். அது முடியாதென்றால், ஒரு மாதம் ஓய்வில் இருந்துவிட்டு முதல் நாளே அடங்கி நடக்கும் குதிரையாகத் தேட வேண்டும். விற்பவரிடம், "பத்து நாள் ஏறாமல் வைத்திருங்கள், அதற்குப் பிறகு வந்து பார்க்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொள்கிறாரா என்பதே பாதி பதில்.

கேள்வி: என் எடை 82 கிலோ. குதிரை உயரமாக இருந்தால்தான் தாங்கும் என்கிறார்கள். எத்தனை கை உயரம் பார்க்க வேண்டும்?

பதில்: ஒரு கை என்பது 4 அங்குலம், அதாவது 10.16 செ.மீ. ஆனால் சுமையைத் தாங்குவது உயரம் அல்ல. எடை, முதுகு, கால் எலும்பு, இந்த மூன்றும்தான். பரவலாகக் கையாளப்படும் கணக்கு: ஆள், சேணம், பை எல்லாம் சேர்த்துக் குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு 82, வெஸ்டர்ன் வகைச் சேணத்துக்கு 14, தண்ணீரும் பையும் 4 என்று வைத்தால் 100 கிலோ. ஆக, 500 கிலோ குதிரை தேவை. இலேசான சேணம் 7 கிலோவுக்குக் கிடைக்கும். அதற்கு மாறினாலே 465 கிலோ குதிரை போதும்.

எடைமேடை இல்லாத இடத்தில் ஒரு தையல் நாடா போதும். தோள்மேட்டுக்கு (கழுத்து முதுகோடு சேரும் இடத்தில் எழும் மேடு) சற்றுப் பின்னால், முன்னங்கால்களை ஒட்டி மார்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். பிறகு தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளம். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, வருவதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு வரும். சுற்றளவு 190 செ.மீ., நீளம் 165 செ.மீ. என்றால் ஏறக்குறைய 501 கிலோ. இது தோராயம்தான். கர்ப்பமான பெட்டைக்கும் பானை வயிறு விழுந்த குதிரைக்கும் பொருந்தாது. கொழுப்பில் ஏறிய எடையையும் தாங்கும் எடையாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

முன்னங்கால் முட்டிக்குக் கீழே உள்ள எலும்பைச் சுற்றியும் நாடாவைப் போடுங்கள். 450 கிலோ குதிரைக்கு 18 செ.மீ.க்குக் குறையக் கூடாது. முதுகு குட்டையாகவும் இடுப்பு அகன்றும் இருக்கும் 14.2 கை (14 கை, 2 அங்குலம்) குதிரை, நீண்ட முதுகோடு ஒடிசலாக இருக்கும் 16 கை குதிரையைவிட நன்றாகச் சுமக்கும். அதிக உயரத்தில் இன்னொரு தொல்லை: வழியில் இறங்கினால் மறுபடி ஏறக் கல்லைத் தேடி அலைவீர்கள், தாழ்ந்த கிளைகளும் முகத்துக்கு நேரே வரும்.

கேள்வி: நான்கு வயதுக் குதிரை ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது. பதினான்கு வயதுக் குதிரைக்கு இரட்டிப்பு விலை சொல்கிறார்கள். இளசை வாங்கி நாமே பழக்கிக்கொள்ளலாமே? பல்லைப் பார்த்து வயதைச் சரிபார்க்க முடியுமா?

பதில்: பதினான்கையே வாங்குங்கள், கால் நன்றாக இருந்தால். முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் முழுக்க மூடுவதற்கே ஐந்தரை ஆறு வயது ஆகிறது. நான்கு வயதில் நீண்ட மலைப்பாதைக்கு அழைத்துப்போகும் உடம்பு இன்னும் கட்டி முடியவில்லை. அதைவிட முக்கியம், அது இன்னும் எதையும் பார்த்திருக்காது. ஓடை, பாலம், புதரிலிருந்து எழும் பறவை என்று ஒவ்வொன்றுக்கும் அது உங்கள் முகத்தைப் பார்க்கும். நீங்களும் புதியவராக இருந்தால் இருவரும் சேர்ந்தே பயப்படுவீர்கள். எட்டிலிருந்து பதினாறு வரை நல்ல வயது. பதினெட்டைத் தாண்டியதுகூட, இலேசான ஆள் ஏறி நிதானமாகப் போக அருமையாக இருக்கும். மூட்டுத் தேய்மானத்துக்கும் பல் பராமரிப்புக்கும் செலவு ஒதுக்க வேண்டும், அவ்வளவே.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் குதிரையின் வாயைத் திறக்காமல் விடக் கூடாது. நிலையான முன்பற்கள் நடுவில் இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரையிலும், ஓரத்தவை நாலரையிலும் முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். பிறகு மேல்வாய் ஓரப் பல்லில் ஒரு கோடு இறங்கும். சுமார் பத்து வயதில் ஈறருகே தெரியத் தொடங்கி, பதினைந்தில் பாதிப் பல்லுக்கு வந்து, இருபதில் நுனியைத் தொடும். பத்துக்கு மேல் இரண்டு மூன்று வயது முன்பின் தப்பலாம். அதனால் பல்லோடு பிறப்புப் பதிவையும் கழுத்தின் இடப்பக்கம் வைக்கப்படும் மைக்ரோசிப் எண்ணையும் ஒப்பிடுங்கள். முன்பற்களின் விளிம்பு மட்டும் விநோதமாகத் தேய்ந்திருந்தால் அது மரத்தைக் கவ்விக் காற்றை உறிஞ்சும் பழக்கம் உள்ள குதிரையாக இருக்கலாம். லாயத்துக் கட்டைகளையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள், கடித்த தடம் இருக்கும்.

கேள்வி: விளம்பரங்களில் எல்லாக் குதிரையும் ரத்தினமாகத் தெரிகிறது. தொலைபேசியிலேயே எதைக் கேட்டு வடிகட்டுவது?

பதில்: விளம்பரத்தில் சொல்லாமல் விட்டதைத் தேடிப் படியுங்கள். "அனுபவசாலிக்கு மட்டும்" என்றால் ஆளைத் தள்ளியிருக்கிறது அல்லது ஓடியிருக்கிறது. "கொஞ்சம் பழக்கினால் போதும்" என்றால் பழக்கம் இன்னும் ஆகவில்லை. "சில மாதமாக ஏறவில்லை" என்றால் ஏன் என்று கேளுங்கள். நேரம் இல்லை என்பது உண்மையாக இருக்கலாம், நொண்டலாகவும் இருக்கலாம். வட்டக்களத்தில் எடுத்த படங்கள் மட்டும் இருந்து, பாதையில் எடுத்தது ஒன்றுகூட இல்லையென்றால் அது காட்டுப்பாதைக் குதிரை என்று இன்னும் நிரூபணம் ஆகவில்லை.

தொலைபேசியில் தேதியோடு பதில் வரும் கேள்விகளைக் கேளுங்கள். கடைசியாக யார், எங்கே, எத்தனை மணி நேரம் ஏறினார்? வேறு குதிரை துணையின்றிப் போகுமா? வண்டியில் ஏற எவ்வளவு நேரம்? லாடம் கட்டி எத்தனை வாரம் ஆயிற்று, லாடம் கட்டுபவரிடம் எப்படி நிற்கும்? வயிற்றுவலி, நொண்டல், குளம்பு அழற்சி எப்போதாவது வந்ததா? இப்போது எந்த மருந்தாவது கொடுக்கிறீர்களா? கடைசியில் ஒரு கேள்வி: "இதனிடம் உங்களுக்குப் பிடிக்காத குணம் எது?" யோசித்து, "தண்ணீரைக் கண்டால் காலால் அடிக்கும், சில சமயம் படுக்கவும் பார்க்கும்" என்று சொல்பவர் நம்பத் தக்கவர். "ஒன்றுமே இல்லை" என்பவரிடம் கவனம்.

காணொளி கேட்டால் வெட்டாமல் ஒட்டாமல் கேளுங்கள்: மேய்ச்சலில் பிடிப்பதிலிருந்து, சேணம் பூட்டி, ஏறி, இறங்கி, மறுபடி அவிழ்த்து விடும் வரை. ஏறும் நொடி மட்டும் காணவில்லையென்றால் அங்கேதான் சிக்கல்.

கேள்வி: குதிரையை நேரில் பார்க்கப் போகும்போது எந்த வரிசையில் பார்ப்பது? போன வாரம் ஒன்றைப் பார்த்தேன். சேணத்தோடு தயாராக நின்றது, ஆட்டுக்குட்டி போல நடந்தது. வாங்கிவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள், இன்னும். நீங்கள் பார்த்தது சேணம் பூட்டிய பிறகான பாதியை மட்டும். "நான் வரும்வரை மேய்ச்சலிலேயே இருக்கட்டும்" என்று சொல்லிவைத்து, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போய்ச் சேருங்கள். சேணத்தடியில் காய்ந்த வியர்வை உப்பு, சுருண்ட ஈர மயிர், நடுக்களத்தில் புதிதாக உழுதது போன்ற வட்டம் இவையெல்லாம் இருந்தால், உங்களுக்காக அதை ஓட்டிக் களைக்க வைத்திருக்கிறார்கள். தண்ணீர் கொடுக்காமல் வாட்டி அடக்குவதும் பழைய தந்திரம். போனதும் ஒரு வாளித் தண்ணீரை முன்னால் வைத்துப் பாருங்கள். ஒரே மூச்சில் காலி செய்தால் சந்தேகப்படலாம்.

மயக்க மருந்து கொடுத்த குதிரை தலையைத் தொங்கவிட்டு, கீழுதடு தளர்ந்து, கண்ணிமை பாதி மூடி நிற்கும். ஆண் குதிரையானால் குறி நெடுநேரம் வெளியே தொங்கும். கால் இடறும். இதில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே அன்றைக்குச் சவாரி வேண்டாம். வேறொரு நாள், சொல்லாமல் போங்கள்.

பிடிப்பதை நீங்களே செய்யுங்கள். அருகில் போனால் காதைப் பின்னால் மடக்கிப் பிட்டத்தைத் திருப்புகிறதா? தலைக்கயிறு மாட்டிக் கூட்டிவரும்போது உங்கள் தோளை முட்டுகிறதா, இழுக்கிறதா? கம்பத்தில் கட்டிவிட்டு இருபது நிமிடம் விலகி நின்று பேசிக்கொண்டிருங்கள். கட்டினால் நிற்காத குதிரையோடு வழியில் உணவுக்கு இறங்க முடியாது. அடுத்து நான்கு கால்களையும் தூக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றையும் அரை நிமிடமாவது பிடித்திருங்கள். பாதி வழியில் குளம்பில் கல் சிக்கினால் எடுக்க வேண்டியது நீங்கள்தான்.

முதுகில் கையை அழுத்தி ஓட்டுங்கள். தோள்மேட்டின் பக்கங்களில் வெள்ளை மயிர்த் திட்டுகள் இருந்தால் பொருந்தாத சேணம் அழுத்திய பழைய காயம். அழுத்தும்போது முதுகைத் தாழ்த்தினாலோ வாலை வீசினாலோ வலி இன்னும் இருக்கிறது. சேணவாரை இறுக்கும்போது கடிக்கத் திரும்புகிறதா என்பதையும் பாருங்கள். அது கெட்ட குணமாக இருக்கலாம், வயிற்றுப் புண்ணாகவும் இருக்கலாம், இரண்டுமே உங்கள் பணத்தில்தான் சரியாக வேண்டும். கடிவாளம் மாட்டும்போது, கொள்ளு என்றால் வாயைத் திறந்து கடிவாளம் என்றால் மூடும் குதிரை எது என்பது தெரிந்துவிடும். தலையை உயரத் தூக்கி மறுத்தால் பல்லையும் காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். வலி இல்லாமல் செய்தால் பழக்கக் குறை.

பிறகு விற்பவர் ஏறட்டும். அவரே ஏற மறுத்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: அவர் ஏறிக் காட்டிவிட்டார். நான் ஏறியதும் பாதையில் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பதில்: தலைக்கவசத்தோடு, முதலில் வேலியிட்ட இடத்தில். நடை, நிறுத்தம், இரு பக்கமும் திருப்பம், நான்கு அடி பின்னோக்கி நடப்பது. ஒற்றைக் கடிவாள வாரை மெல்ல மடித்துத் தலையைப் பக்கத்துக்குக் கொண்டுவந்தால் பின்னங்காலை நகர்த்தி நிற்கிறதா என்று பாருங்கள். பாதையில் மிரண்டு ஓடும் குதிரைக்குக் கடைசி பிரேக் இதுதான். இது இரு பக்கமும் வேலை செய்த பிறகே வெளியே கிளம்பலாம். ஏறும்போது அசையாமல் நிற்பதும் கட்டாயம். கால் அங்கவடியில் இருக்கையிலேயே நகரும் குதிரை சரிவில் உங்களைக் கீழே தள்ளும். கீழே தள்ளியதோடு குழியும் பறித்த குதிரையின் பழமொழிக்கு நீங்கள் உதாரணமாக வேண்டாம்.

வெளியே இன்னொரு குதிரையோடு போங்கள். முதலில் பின்னால், பிறகு முன்னால், பிறகு அதை நிறுத்திவிட்டு நூறு மீட்டர் தனியே. கூட்டம் பிரிந்தால் தாங்காத குதிரை இங்கே கனைக்கும், பக்கவாட்டில் நடக்கும், திரும்பப் பார்க்கும். ஓரிரு முறை கனைத்துவிட்டு நடந்தால் பரவாயில்லை. முன்கால்களைத் தூக்கினால் சவாரி அத்தோடு முடிந்தது. திரும்பும் வழியில் இன்னொரு சோதனை: லாயம் கண்ணில் பட்டதும் நிறுத்தி, மறுபடி எதிர்ப்பக்கம் ஐம்பது மீட்டர் நடத்துங்கள். வீட்டு நினைப்பில் மூக்கை நீட்டி இழுக்கும் குதிரையை அப்போது அடையாளம் காணலாம்.

மிரளாத குதிரை கிடையாது. மிரண்ட பின் என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நல்ல பாதைக் குதிரை நின்ற இடத்திலேயே குலுங்கி, காதை நிமிர்த்தி, மூச்சைச் சீறி, பிறகு நடக்கும். சட்டென்று அரைவட்டம் திரும்பி ஓடும் குதிரை வேண்டவே வேண்டாம். போகும்போது மிரளாத அதே மரக்கட்டைக்கு வரும்போது மிரண்டால் நடிக்கிறது என்று நினைக்காதீர்கள். குதிரையின் பார்வை ஏறக்குறைய 350 பாகை சுற்றிப் பரவுகிறது, பெரும்பகுதி ஒற்றைக் கண் பார்வை. மறுபக்கமிருந்து பார்க்கும்போது அதே கட்டை வேறு பொருளாகத் தெரியும். வெயிலிலிருந்து மர நிழலுக்குள் நுழையும்போது தயங்கினாலும் அப்படித்தான், அதன் கண் இருளுக்குப் பழக நம் கண்ணைவிட அதிக நேரம் எடுக்கிறது.

ஓடைக் கரையில் கடிவாளத்தைத் தளர்த்தித் தலையைத் தாழ்த்தவிடுங்கள். முகர்ந்து, யோசித்து, இரண்டு மூன்று நிமிடத்தில் காலை வைத்தால் தேறியது. ஒரே தாவலில் பாய்ந்து கடந்தால் பயத்தில் கடந்திருக்கிறது. செங்குத்தான இறக்கத்தில் பின்னங்காலை உடம்புக்கு அடியில் வைத்து அடி அடியாக இறங்க வேண்டும், வேகம் எடுக்கக் கூடாது. நடுவழியில் இறங்கி, ஒரு கல்லில் நின்று வலப்பக்கமிருந்து ஏறிப் பாருங்கள். ஒடுங்கிய மலைத்தடத்தில் இடப்பக்கம் பள்ளமாக இருந்தால் வலப்பக்கத்திலிருந்து மட்டும்தான் ஏற முடியும். சேணத்தில் இருந்தபடியே மழைச்சட்டையைச் சலசலக்க அணியுங்கள். ஐந்து நிமிடம் சும்மா நிற்கச் சொல்லுங்கள். இந்தக் கடைசிச் சோதனையில் தோற்கும் குதிரைகள் ஏராளம்.

ஒரு நீண்ட ஏற்றத்துக்குப் பின் இறங்கி, இடப்பக்கத் தாடை எலும்பின் அடியில் ஓடும் நாடியை எண்ணுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். பத்து நிமிடத்தில் 64-க்குக் கீழே வந்தால் உடம்பு தேறியிருக்கிறது. வராவிட்டால் பழக்கமின்மை அல்லது நோவு, இரண்டில் ஒன்று.

பிடித்துவிட்டாலும் வேறொரு நாள், வேறு நேரத்தில் மறுபடி ஏறுங்கள். ஒரு நாள் நல்ல பிள்ளையாக இருப்பது எந்தக் குதிரைக்கும் கஷ்டமில்லை.

கேள்வி: கால், குளம்பு பற்றி ஒன்றும் தெரியாது. எது சாதாரணம், எது ஆபத்து என்று எப்படிப் பிரிப்பது?

பதில்: கெட்டியான தரையில், கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, நேர்கோட்டில் டிராட் ஓட்டத்தில் (எதிரெதிர் மூலைக் கால்கள் இரண்டிரண்டாகத் தரையில் படும் மித ஓட்டம்) ஓட்டச் சொல்லுங்கள். காதை மூடிக்கொண்டு தலையை மட்டும் பாருங்கள். முன்னங்கால் நோகும் குதிரை அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும், நல்ல கால் படும்போது தாழ்த்தும். பின்னங்காலானால் பின்னாலிருந்து இரு இடுப்பையும் பாருங்கள், ஒரு பக்கம் அதிகமாகத் துள்ளினால் அந்தப் பக்கம்தான் நோவு. நேர்கோட்டில் மறையும் நொண்டல், கெட்டித் தரையில் சிறு வட்டமாக ஓட்டும்போது வெளிப்படும்.

குளம்பில் குறுக்கு வளையங்கள் ஒரே அளவில் இருந்தால் தீவனமோ பருவமோ மாறிய அடையாளம், பயமில்லை. குதிகாலில் அகன்றும் முன்பக்கம் நெருங்கியும் இருந்தால் குளம்பு அழற்சி வந்துபோன தடம். முன்சுவர் உள்வளைந்து தட்டுப் போல் இருந்தால் சந்தேகம் உறுதியாகிறது. பச்சைப் புல்லும் தானியமும் கூடினால் திரும்ப வரும் நோய் அது. குளம்படியில் கறுப்பாகக் கசிந்து நாற்றம் வந்தால் ஈரத்தில் வரும் அழுகல், பெரும்பாலும் சுத்தத்தாலேயே சரியாகும்.

முன்னங்கால்களை மாற்றி மாற்றி முன்னே நீட்டி நிற்பது, சரளைக் கல்லில் கூனி நடப்பது, குதிகாலைத் தரையில் வைக்கத் தயங்குவது ஆகியவை குளம்பின் பின்பகுதியில் உள்ள நாவிகுலர் எலும்பின் தொல்லையாக இருக்கலாம். கற்பாதைக்கு அந்தக் குதிரை ஆகாது. பின்முட்டிகள் கொஞ்சம் உள்நோக்கி இருப்பது மலைக் குதிரைகளில் சகஜம். ஆனால் பக்கவாட்டில் பார்க்கும்போது பின்னங்கால் அரிவாள் போல வளைந்து உடம்புக்கடியில் போனால் இறக்கங்களில் அந்த மூட்டு சீக்கிரம் தேயும்.

தோள்மேடே தெரியாமல் பீப்பாய் போல் உருண்ட குதிரையில் சேணம் பக்கவாட்டில் சுழலும். மேடு அளவோடு இருக்க வேண்டும்.

லாடம் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். லாடமில்லாமல் வளர்ந்த குதிரை என்றால், நீங்கள் போகும் அதே மாதிரிச் சரளையில் நடத்திப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். புல்தரையில் மிடுக்காக நடப்பது கணக்கில் சேராது.

கேள்வி: இத்தனையும் நானே பார்த்த பிறகு கால்நடை மருத்துவர் பரிசோதனை தேவையா?

பதில்: தேவை. விற்பவருக்கு வழக்கமாகப் பார்க்கும் மருத்துவராக இருக்கக் கூடாது. இதயத்தை ஓய்விலும் ஓட்டிய பின்னும் கேட்பார், இருட்டில் கண்ணைச் சோதிப்பார், குளம்பைச் சாமணத்தால் அழுத்துவார், மூட்டை ஒரு நிமிடம் அளவுக்கு மடித்துப் பிடித்திருந்து உடனே ஓடவிடுவார். மடித்த பின் பத்துப் பன்னிரண்டு அடி நொண்டுவதை வைத்து மூட்டின் நிலையை ஊகிப்பார். வயதான குதிரையில் இலேசான நொண்டல் வந்தால் உடனே வேண்டாமென்று சொல்லத் தேவையில்லை, "நான் செய்யப் போகும் வேலைக்கு இது போதுமா" என்று கேளுங்கள். அதற்காக முதலிலேயே உங்கள் தாளை அவரிடம் காட்டிவிடுவது நல்லது. ஏற்றமும் எடையும் சொன்னால்தான் அவர் பதில் உங்களுக்குப் பொருந்தும்.

ரத்தம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஃபினைல்பியூட்டசோன் போன்ற வலிநீக்கி நொண்டலை மறைத்துவிடும். வாங்கிய சில வாரத்தில் கால் வீங்கினால், பரிசோதனை நாளில் எடுத்துவைத்த மாதிரி உண்மையைச் சொல்லும். தொற்று ரத்தசோகைக்கான காகின்ஸ் சோதனைச் சான்று, டெட்டனஸ் தடுப்பூசிப் பதிவு இரண்டையும் கையில் வாங்குங்கள்.

முடிந்தால் ஒன்று இரண்டு வாரம் சோதனைக்கு எடுத்துப் போவதாகக் கேட்கலாம். காயம் பட்டால் யார் பொறுப்பு, மருத்துவச் செலவு யாருடையது, எந்த நாளில் முடிகிறது என்பதை எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெட்டை வாங்கலாமா, ஆண் வாங்கலாமா?

பதில்: காயடித்த ஆண், புதியவருக்கு. பெட்டை வேலைக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. நாள் நீளும் பருவங்களில் 21 நாளுக்கு ஒருமுறை, ஐந்தாறு நாள் சினைப்பருவ எரிச்சல் சிலவற்றில் தெரியும், சிலவற்றில் தெரியவே தெரியாது. காயடிக்காத பொலிகுதிரையைக் கூட்டச் சவாரிக்குக் கொண்டுவராதீர்கள்.

கேள்வி: எனக்கு இடுப்பு வலி. டிராட் ஓட்டத்தில் குலுங்கினால் தாங்காது. குலுங்காத குதிரை உண்டா?

பதில்: உண்டு. டென்னசி வாக்கிங் ஹார்ஸ், மிசௌரி ஃபாக்ஸ் டிராட்டர், பாசோ ஃபினோ, ஐஸ்லாந்துக் குதிரை ஆகியவற்றுக்கு டிராட்டுக்குப் பதில் நான்கு தாளத்தில் ஓடும் வேறு நடை பிறவியிலேயே உண்டு. ஏதாவதொரு கால் எப்போதும் தரையில் இருப்பதால் உடம்பு துள்ளாது. ஏறுமுன் பக்கத்தில் நின்று காலடிச் சத்தத்தைக் கேளுங்கள். ஒவ்வொன்றாக நான்கு தட்டு கேட்க வேண்டும். இரண்டிரண்டாகச் சேர்ந்து கேட்டால் நடை கலைந்திருக்கிறது, உங்கள் இடுப்புக்கு அது உடனே தெரியும். கூட வருபவர்களின் குதிரைகள் சாதாரண நடைக்காரர்கள் என்றால், உங்களுடையது முன்னால் போய் ஒவ்வொரு திருப்பத்திலும் காத்து நிற்க வேண்டியிருக்கும். நிதானமாக நிற்கத் தெரிந்ததாகப் பாருங்கள்.

கேள்வி: புள்ளி போட்ட அப்பலூசா ஒன்று மனதைக் கவர்ந்துவிட்டது. மாலையில் தான் எனக்குச் சவாரிக்கு நேரம். ஏதாவது பிரச்சினை?

பதில்: கேட்டது நல்லதாயிற்று. அப்பலூசாவின் புள்ளிக்குக் காரணமான மரபணு இரு பெற்றோரிடமிருந்தும் வந்திருந்தால், அந்தக் குதிரைக்குப் பிறவியிலிருந்தே இருட்டில் பார்வை இராது. பகலில் எந்தக் குறையும் தெரியாது. மயிர் அல்லது ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்து உறுதிப்படுத்தலாம். கண்ணின் உள் அழற்சியும் இந்த இனத்தில் அதிகம், கண்ணில் பால் போன்ற மங்கல் அல்லது அடிக்கடி நீர் வடிதல் இருக்கிறதா பாருங்கள். அந்தி சாய்ந்த பிறகு அறியாத பாதையில் நடத்திப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. அங்கே அமைதியாக இருந்தது, இங்கே பாதையில் கால் வைத்ததும் துள்ளுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றம் என்று முடிவு கட்டுமுன் மூன்று இடங்களில் தேடுங்கள்.

முதலில் தீவனம். மெலிந்திருந்த குதிரைக்கு நீங்கள் தானியம் கூட்டியிருந்தால், உடம்பு தேறத் தேற உண்மைக் குணம் எழுந்துவருகிறது. பட்டினியால் அடங்கிய குதிரையைச் சாதுவென்று வாங்குவது அடிக்கடி நடக்கிறது. எலும்பு தெரியும் குதிரையைச் சோதித்துப் பார்த்து வாங்குவதில் உள்ள சிக்கலே இதுதான். தானியத்தை நிறுத்திவிட்டு, எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் உலர்தீவனம் மட்டும் கொடுத்துப் பாருங்கள். மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல் ஏழு முதல் பத்து நாளில் படிப்படியாகச் செய்யுங்கள், இல்லையேல் வயிற்றுவலி வரும்.

இரண்டாவது வலி. உங்கள் சேணம் பழைய உரிமையாளருடையதில்லை. சவாரி முடிந்ததும் சேணத்துணியின் அடியைப் பாருங்கள். எல்லா இடமும் ஈரமாக இருக்க, தோள்மேட்டருகே மட்டும் காய்ந்த திட்டு இருந்தால் அங்கே சேணம் அழுத்துகிறது.

மூன்றாவது தனிமை. கூட்டத்தை இழந்து வந்திருக்கிறது, உங்களை இன்னும் நம்பவில்லை. இரண்டு வாரம் கையில் பிடித்தே அதே பாதையில் நடத்திச் செல்லுங்கள், பிறகு நிதானமான ஒரு குதிரையின் பின்னால் ஏறிச் செல்லுங்கள். தூரத்தை அரை மணியில் தொடங்கி வாரம் பத்து நிமிடம் கூட்டுங்கள். அமைதியாக இருக்கும்போதே திரும்பிவிடுங்கள், அது துள்ளத் தொடங்கும் வரை இழுக்க வேண்டாம்.

உங்கள் வீட்டில் வேறு குதிரை இருந்தால் ஒன்று: புதிதாக வந்ததை இரண்டு மூன்று வாரம் தனி இடத்தில், தனி வாளியோடு வைக்கச் சொல்வது வழக்கம். குதிரைகளுக்கு வரும் தொண்டைச் சுரப்பி வீக்க நோய் வெளியே தெரிய மூன்று முதல் பதினான்கு நாள் ஆகலாம் என்பதால்தான் அது. நீங்கள் அதைச் செய்திருந்தால், உங்கள் குதிரை மூன்று வாரமாகத் தனியே நின்றிருக்கிறது. அதை இன்று மற்றதோடு சேர்த்துவிடுங்கள். பத்து நாள் கழித்து, துணையோடு, பாதையை மறுபடி முயன்று பார்த்துவிட்டு எங்களுக்கு எழுதுங்கள்.